சாவி அவர்கள் கையிலேயே இருக்கட்டும்: சென்னையில் மூத்தோருக்கு உதவியுடன் கூடிய வீடு தேட ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்கு மாம்பலத்தில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் என் அம்மா 31 ஆண்டுகள் குடியிருந்தார். முழங்கால் வலி அதிகமாகிப் படி இறங்க முடியாமல் போன பிறகு, பால்கனியிலிருந்து ஒரு நீல ஒயர் கூடையைக் கயிற்றில் கட்டி இறக்குவார். பால் பாக்கெட், கீரைக்கட்டு, ஒரு முழம் பூ எல்லாம் அந்தக் கூடையில்தான் மேலே ஏறும். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி ஆகியும் கூடை கீழேயே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பால் பாக்கெட் வெயிலில் உப்பிப்போயிருந்தது. அதைப் பார்த்துவிட்டு மாடியேறிக் கதவைத் தட்டியவர் தெருவில் கீரை விற்கும் அம்மாள். உள்தாழ்ப்பாள் போட்டிருந்ததால் கதவை உடைக்க வேண்டியதாயிற்று. குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மா மூன்று மணி நேரமாக எழ முடியாமல் ஈரத் தரையில் கிடந்தார்.

நல்லவேளை, எலும்பு முறியவில்லை. அன்று மாலையே குடும்பத்தில் பேச்சு தொடங்கியது. அண்ணன் பெங்களூருக்கு வரச் சொன்னார், நான் நங்கநல்லூருக்கு வரச் சொன்னேன். அம்மா இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. "குளிக்கும்போது கதவுக்கு வெளியே ஒருத்தர் இருந்தால் போதும். மற்றதையெல்லாம் நானே பார்த்துக்கொள்வேன்" என்றார்.

அதற்குப் பிறகு 8 மாதங்கள் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் அலைந்து நாங்கள் கற்றுக்கொண்டதே இந்த வழிகாட்டி. பெற்றோருக்காகத் தேடும் பிள்ளைகளுக்கும், தமக்காகத் தாமே தேடும் மூத்தோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த உதவி வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை அங்கே வாழப்போகிறவர்தான் சொல்ல வேண்டும். அவரைக் கேட்காமல் எடுத்த முடிவு எவ்வளவு அன்பாக எடுத்ததாக இருந்தாலும் சில மாதங்கள்கூட நிற்காது. நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது.

முதல் படி: ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்

இல்லங்களுக்குப் போன் செய்வதை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டில் அன்றாட வேலைகளை வரிசையாக எழுதுங்கள். படுக்கையிலிருந்து எழுவது, கழிப்பறை போவது, குளிப்பது, உடை மாற்றுவது, சமைப்பது, மாத்திரை எடுப்பது, போன் பேசுவது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது, வெளியே நடப்பது, இரவில் எழுந்திருப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 7 நாட்களும் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: தானே செய்கிறார், ஒரு கை கொடுத்தால் செய்கிறார், முடியவில்லை.

அம்மாவின் நோட்டில் குளியலும் படியும் மட்டுமே "ஒரு கை" என்று வந்தன. சமையலில் ஒரு குறைகூட இல்லை. மாத்திரையில் மட்டும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. ரத்த அழுத்த மாத்திரையை வாரத்தில் இரண்டு நாள் இருமுறை விழுங்கியிருந்தார். காரணம் மறதி இல்லை. பழைய பட்டையும் புதிய பட்டையும் ஒரே நிறத்தில் இருந்தன. கிழமை வாரியாகத் தடுப்பு போட்ட மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கியதும் அது சரியாகிவிட்டது. நோட்டு இல்லாமல் இருந்திருந்தால், "அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது" என்று முடிவு கட்டி, தேவையில்லாத அளவுக்குக் கண்காணிப்பு உள்ள இடத்தில் சேர்த்திருப்போம்.

நோட்டை எடுத்துக்கொண்டு முதியோர் மருத்துவரைப் பாருங்கள். 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பேராசிரியர் வி.எஸ். நடராஜன் முதியோர் மருத்துவத்துக்கு வித்திட்ட ஊர் இது. இன்று கிண்டி கிங் நிலைய வளாகத்தில், 2024-ல் திறக்கப்பட்ட 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. நடை, சமநிலை, பார்வை, காது, நினைவாற்றல், சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடுப்பை அணைக்க மறப்பது, தெரிந்த தெருவிலேயே வழி தவறுவது, பணம் எண்ணத் தடுமாறுவது போன்றவை இருந்தால் நினைவாற்றல் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அண்ணாநகரில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் மறதிநோய்க்கென்றே தனிப் பிரிவு நடத்துகிறது. மறதிநோய் இருப்பது உறுதியானால் தேட வேண்டிய வீடே வேறு. இந்த ஒரு கேள்விக்கு முதலிலேயே விடை தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: இருக்கும் வீட்டையே மாற்ற முடியுமா?

பலருக்கு இடம் மாறவே தேவையில்லை. மூத்தோர் விழுவது பெரும்பாலும் சொந்த வீட்டுக்குள்தான், அதிலும் குளியலறையில். அங்கே சில மாற்றங்களைச் செய்துவிட்டாலே பாதி கவலை தீரும். கழிப்பறைக்குப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். உறிஞ்சி ஒட்டும் வகையை வாங்கவே வாங்காதீர்கள், ஆள் எடையைத் தாங்காது. சுவரில் துளையிட்டுத் திருகாணியால் பொருத்துவதே சரி. பளபளக்கும் டைல்ஸை எடுத்துவிட்டுச் சொரசொரப்பானதைப் பதிக்கலாம். குளிக்க ஒரு உறுதியான பிளாஸ்டிக் நாற்காலி வேண்டும். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி இருக்க வேண்டும். உள்ளே திறக்கும் கதவாக இருந்தால், விழுந்தவரின் உடலே கதவை மறித்துக்கொள்ளும். உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு போடுங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும். அறைக்கு அறை உள்ள நிலைப்படி மேட்டைச் சமன் செய்யுங்கள்.

வீட்டுக்கே வரும் சேவைகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளும் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. 2025-ல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் பொருட்கள் மூத்தோர் வீட்டு வாசலுக்கே வருகின்றன. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகளைச் செய்து தர வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லிவிட்டது. கிளை மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள். ஓய்வூதியர் வாழ்நாள் சான்றிதழையும் தபால்காரர் வழியே வீட்டிலிருந்தே கொடுக்க முடியும். பகலில் பேச்சுத்துணை மட்டுமே குறை என்றால் பகல்நேர மையங்களைப் பாருங்கள். தமிழக அரசு 2025-ல் மாநிலம் முழுவதும் 25 இடங்களில் அன்புச் சோலை மையங்களைத் தொடங்கியிருக்கிறது.

உதவியாளரை வீட்டில் வைத்துக்கொள்வது மற்றொரு வழி. ஆனால் ஏஜென்சியிடம் மூன்று கேள்விகளைக் கேட்காமல் ஆளை அனுப்பச் சொல்லாதீர்கள். இவர் விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார்? அடையாளச் சான்றும் காவல்துறைச் சரிபார்ப்பும் செய்திருக்கிறீர்களா? நாங்கள் கொடுக்கும் பணத்தில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு போகிறது? மூன்றாவது கேள்வி பலருக்கு விசித்திரமாகப் படும். சம்பளம் சரியாகக் கைக்குப் போகாத ஆள் இரண்டு வாரத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு 4 மாதத்தில் 5 பேர் மாறினார்கள். ஒவ்வொருவரிடமும் புடவை எங்கே இருக்கிறது, வெந்நீர் எவ்வளவு சூடு வேண்டும் என்று முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அம்மா சலித்துப்போனார். இதற்கும் மூன்றாவது மாடிக்கும் சேர்த்துத்தான் இடம் மாறும் முடிவை அவரே எடுத்தார்.

மூன்றாம் படி: பெயர்களுக்குப் பின்னால் உள்ளதைப் புரிந்துகொள்ளுங்கள்

சீனியர் லிவிங், ரிடயர்மென்ட் கம்யூனிட்டி, அசிஸ்டெட் லிவிங், முதியோர் இல்லம் என்று விளம்பரங்களில் வருவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரே சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் பயன்படுத்துகிறார்கள்.

நடைமுறையில் நான்கு வகை. முதலாவது, சொந்தமாக வாங்கும் அல்லது வாடகைக்கு எடுக்கும் தனி வீடுகள். உங்களுக்கென்று சமையலறை, குளியலறை, வாசல் கதவு உண்டு. பொது உணவுக்கூடம், சுத்தம் செய்யும் ஆள், அவசர அழைப்பு மணி, அழைத்தால் வரும் செவிலியர் இருப்பார்கள். வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை, மறைமலைநகர், கூடுவாஞ்சேரி என்று நகரத்தின் தெற்கு விளிம்பில் இவை பெருகியிருக்கின்றன. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்கு ஏற்றவை இவை.

இரண்டாவது, குளிக்க, உடுத்த, மாத்திரை எடுக்கத் தினமும் கை கொடுக்கும் இடங்கள். தனி அறை உண்டு, ஆனால் வீடு என்று சொல்ல முடியாது. மூன்றாவது, படுக்கையில் இருப்பவர்களுக்கும் மறதிநோய் உள்ளவர்களுக்குமான பராமரிப்பு இல்லங்கள். நான்காவது, ஆதரவற்றோருக்காக அறக்கட்டளைகள் நடத்தும் இலவச இல்லங்கள். சாவித்திரி வைத்தி 1978-ல் தொடங்கிய விச்ராந்தி போன்றவை இந்த நகரத்தில் எத்தனையோ பாட்டிகளுக்குக் கடைசிவரை வீடாக இருந்திருக்கின்றன. கையில் பணம் இல்லாதவர்கள் சமூக நலத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரித்தால், அரசு உதவி பெறும் இலவச இல்லங்களின் விவரம் கிடைக்கும்.

அம்மாவின் நோட்டுப்படி அவருக்கு வேண்டியது முதல் வகை வீடும் இரண்டாம் வகை உதவியில் ஒரே ஒரு பகுதியும். அப்படிப் பிரித்துத் தரும் இடம் உண்டா என்று கேட்டபோது பலர் முழுத் தொகுப்பையே விற்கப் பார்த்தார்கள். விடாமல் கேளுங்கள். காலைக் குளியலுக்கு மட்டும் அரை மணி நேரம் ஆள் அனுப்பி, அதற்கு மட்டும் மாதக் கட்டணம் வாங்கும் இடம் ஒன்பதாவது முயற்சியில் கிடைத்தது. தேவைக்கு மேல் உதவி வாங்குவது பணத்துக்கு மட்டும் நஷ்டம் இல்லை. தானே பல் தேய்க்க முடிந்தவருக்கு நேரம் மிச்சம் என்று இன்னொருவர் தேய்த்துவிட்டால், சில மாதங்களில் அந்தக் கை உண்மையிலேயே எழும்பாமல் போய்விடும்.

நான்காம் படி: எந்த இடம்?

முதலில் மழை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். தண்ணீர் வீட்டுக்குள் வராத இடங்களிலும் மின்சாரம் நின்று, லிஃப்ட் நின்று, மாடியிலிருந்த முதியவர்கள் நாட்கணக்கில் இறங்க முடியாமல் தவித்தார்கள். எனவே நிர்வாகியிடம் "வெள்ளம் வருமா?" என்று கேட்டுவிட்டு வராதீர்கள். எதிரே உள்ள டீக்கடையில் கேளுங்கள். 2015-ல் எதுவரை தண்ணீர் நின்றது என்று சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தரைக்குக் கீழே வைத்திருந்தால் வெள்ளத்தில் முதலில் நிற்பது அதுதான். லிஃப்டுக்கும் அறை விளக்குக்கும் ஆக்சிஜன் கருவிக்கும் அது எத்தனை மணி நேரம் ஓடும், டீசல் எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

அடுத்து மருத்துவமனை. விளம்பரத்தில் "15 நிமிடம்" என்று போட்டிருப்பது ஞாயிறு காலைக் கணக்கு. ஒரு வேலைநாள் மாலை 6 மணிக்கு அந்த இடத்திலிருந்து நீங்களே ஆட்டோவில் போய்ப் பாருங்கள். ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் அந்த நேரத்தில் போனால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். மாரடைப்பும் பக்கவாதமும் பார்க்கும் வசதி அந்த மருத்துவமனையில் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு நடந்துபோகும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது. இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நான் இதற்கு அதிக மதிப்பெண் கொடுப்பேன். கோயிலோ மாதா கோயிலோ பள்ளிவாசலோ, ஒரு மளிகைக் கடை, ஒரு பூக்காரி, பஸ் நிறுத்தம். 60 வயதுக்கு மேற்பட்டோருக்குச் சென்னை மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவசப் பயண டோக்கன் உண்டு. நிறுத்தத்துக்கு நடந்துபோக முடிந்தால்தான் அந்த டோக்கனுக்குப் பயன். நாலு பேரை அன்றாடம் பார்த்துப் பேச வழியில்லாத அழகான வளாகத்தைவிட, சந்தடியுள்ள தெருவில் ஒரு சின்ன வீடு மேல்.

ஐந்தாம் படி: மூன்று முறை போய்ப் பாருங்கள்

முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாம் முறை சொல்லாமல், மதிய உணவு நேரத்தில். மூன்றாம் முறை இரவு 8 மணிக்கு மேல். இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், அவர்களில் பயிற்சி பெற்ற செவிலியர் எத்தனை பேர் என்பது அப்போதுதான் தெரியும்.

உணவுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ரசம் சூடாக இருக்கிறதா, பல் இல்லாதவருக்குச் சாதம் குழைவாகக் கிடைக்கிறதா, சர்க்கரை நோயாளிக்குத் தனியாக ஏதாவது உண்டா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், பரிமாறுபவர் பெயர் சொல்லி அழைக்கிறாரா என்பது. "இந்தாம்மா மீனாட்சி அம்மா, உங்களுக்குத் தயிர் தனியாக வைத்திருக்கிறேன்" என்று சொல்லும் இடத்துக்கும், "ரூம் நம்பர் 12, சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு எந்த விளம்பரத்திலும் தெரியாது.

அவசர மணியை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். நாங்கள் பார்த்த ஓரிடத்தில் குளியலறையில் மணி இழுக்கும் கயிறு இருந்தது. ஆனால் துடைக்கும்போது நனைகிறது என்று அதைச் சுருட்டி, ஷவர் குழாய் உயரத்துக்குக் கட்டிவைத்திருந்தார்கள். தரையில் விழுந்து கிடப்பவருக்கு அது எப்படி எட்டும்? அம்மா அந்தக் குளியலறை வாசலில் கைத்தடியோடு நின்று, கயிற்றையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தார். கயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை தொங்க வேண்டும்.

மற்ற அளவுகள் சுருக்கமாக: சாய்தளம் ஒரு அடி ஏற 12 அடி நீளம் இருக்க வேண்டும். லிஃப்டில் சக்கர நாற்காலி மட்டுமின்றி ஸ்ட்ரெச்சரும் நுழைய வேண்டும். தாழ்வாரத்தின் இரு பக்கமும் கைப்பிடி வேண்டும்.

இனி நாங்கள் செய்த தவறு. எங்கள் முதல் தேர்வு சகல வசதிகளும் உள்ள ஒரு இல்லம். பெயர் வேண்டாம். பார்த்த அன்றே பிடித்துப்போய் அந்த வாரமே அம்மாவைச் சேர்த்துவிட்டோம். பாதுகாப்புக்கு என்று சொல்லி அறைச் சாவியை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலைக் காபி ஆறரை மணிக்குத்தான். 60 ஆண்டுகளாக அதிகாலை நாலரைக்கு எழுந்து டிகாஷன் போட்டுக் குடித்தவர், இரண்டு மணி நேரம் இருட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மின் கெட்டில் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. யாரும் அவரைக் கடிந்து பேசவில்லை, எல்லோரும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் 19-ஆம் நாள் அம்மா போனில் கேட்டார்: "நான் என்ன தப்பு செய்தேன் என்று என் சாவியை வாங்கி வைத்திருக்கிறார்கள்?" அந்த வார இறுதியிலேயே அழைத்து வந்துவிட்டோம்.

அதனால், இரண்டு வாரமாவது தங்கிப் பார்க்காமல் எங்கும் பணம் கட்டாதீர்கள். நல்ல இடங்கள் இதற்குத் தினக் கட்டணத்தில் ஒத்துக்கொள்கின்றன. தங்குவதற்கு முன்பே இவற்றைக் கேளுங்கள். அறைக்கு உள்ளிருந்து பூட்டிக்கொள்ளலாமா, சாவி யாரிடம் இருக்கும்? நினைத்த நேரத்துக்கு வெளியே போய் வரலாமா, அல்லது பிள்ளைகளின் அனுமதிக் கடிதம் கேட்பார்களா? பேரப்பிள்ளைகள் இரவு தங்கலாமா? சொந்தக் கட்டில், பூஜை அலமாரி, காபி ஃபில்டர் கொண்டுவரலாமா?

ஆறாம் படி: காகிதங்களும் கணக்கும்

வீடு வாங்குவதாக இருந்தால், அந்தத் திட்டம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ 8 வீடுகளுக்கு மேலோ கட்டப்படும் திட்டங்களுக்குப் பதிவு கட்டாயம். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. மூத்தோருக்கு மட்டும் என்ற நிபந்தனையுள்ள வீட்டைப் பிள்ளைகள் பிறகு விற்கும்போது வாங்குவோர் குறைவாகவே இருப்பார்கள் என்பதையும் யோசியுங்கள். வீடு கட்டியவர் ஒருவர், சேவை நடத்துபவர் வேறொருவர் என்றால் மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கேளுங்கள். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட முன்மாதிரி வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது.

வாடகை என்றால், தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ஆனால் சேவை சேர்ந்த இல்லங்கள் "வைப்புத்தொகை" என்ற பெயரில் லட்சக்கணக்கில் கேட்பது வழக்கம். எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள், குடியிருப்பவர் இறந்தால் யாரிடம் கொடுப்பார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். முதியோர் இல்லம் என்றால் சமூக நலத்துறையில் பதிவு பெற்ற சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

மாதக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்ற வரியை இரண்டு முறை படியுங்கள். ஒரு கணக்குக்காக, இன்று மாதம் 35,000 ரூபாய், ஆண்டுக்கு 8 சதவீத உயர்வு என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு கழித்து அது 75,000 ரூபாயைத் தாண்டிவிடும். ஓய்வூதியம் அந்த வேகத்தில் ஏறாது. 68 வயதில் சேர்பவர் 90 வயது வரை கணக்குப் போட வேண்டும். மருத்துவச் செலவுக்கு, 70 வயது கடந்த எல்லோருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் மத்திய அரசின் வயவந்தனா அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் பென்சிலால் அடிக்கோடிட்ட இடங்கள் இவை: தம்பதியரில் ஒருவர் போய்விட்டால் மற்றவருக்குக் கட்டணம் எவ்வளவு குறையும். ஒரு மாதம் மகள் வீட்டில் தங்கினால் உணவுக் கட்டணம் கழியுமா. உதவி கூடுதலாகத் தேவைப்பட்டால் அதே வீட்டிலேயே தருவார்களா, அல்லது வெளியேறச் சொல்வார்களா. வெளியேறச் சொல்வதானால் எத்தனை நாள் அவகாசம். கடைசிக் கேள்விக்கு "பார்த்துக்கொள்ளலாம்" என்பதே பதில் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். மூத்தோருக்கு உண்மையான ஆபத்து அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

வீட்டைப் பிள்ளைகள் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிவிட்டு இல்லத்துக்குப் போக நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அவசரப்படாதீர்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால், "என்னைப் பராமரிக்க வேண்டும், என் செலவுகளை ஏற்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ன் 23-ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தச் சட்டத்தை மூத்தோருக்குச் சாதகமாக விரிந்த பார்வையோடு படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இருந்தாலும், நிபந்தனை எழுத்தில் இருந்தால் வாதாட வேண்டிய சுமை குறையும்.

ஏழாம் படி: குடிபெயர்தல்

பழைய வீட்டை முதல் ஆண்டில் விற்காதீர்கள். திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது என்ற எண்ணம் இருந்தால்தான் புதிய இடத்தை நிதானமாக எடைபோட முடியும்.

எதை எடுத்துப் போவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அம்மா பீரோவை விட்டுவிட்டு, கைப்பிடி கழன்ற ஒரு இரும்பு வாணலியை எடுத்துவைத்தார். நான் "புதிதாக வாங்கிக்கொள்ளலாமே" என்றேன். "இதில்தான் வற்றல் சரியாக வரும்" என்றார். அவ்வளவுதான், வாணலி வந்தது. புதிய படுக்கையறையில் கட்டிலைப் பழைய வீட்டில் இருந்த அதே பக்கம் போடுங்கள். இரவில் தூக்கக் கலக்கத்தில் எழும்போது கால் பழக்கப்பட்ட திசையில்தான் இறங்கும்.

ஆதார், வங்கி, ஓய்வூதியம், சமையல் எரிவாயு, ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் முகவரி மாற்ற ஒரு மாதம் ஒதுக்குங்கள். மருந்துச் சீட்டு, ரத்த வகை, ஒவ்வாமை, மருத்துவர் எண், இரண்டு உறவினர் எண்கள் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கடைசிக்கட்ட சிகிச்சையில் எது வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க விரும்புவோருக்கு, 2023-ல் உச்ச நீதிமன்றம் நடைமுறையை எளிதாக்கிவிட்டது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன் கையெழுத்திட்டால் போதும். இதைப் பேசுவது அபசகுனம் என்று நாம்தான் தயங்கினோம். அம்மாவோ பேசி முடித்ததும் நிம்மதியாகத் தூங்கினார்.

எட்டாம் படி: போன பிறகு

முதல் மூன்று மாதம் கடினம். ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில் போய் வாருங்கள். ஒரு வாரம் மூன்று முறை, அடுத்த இரண்டு வாரம் காணோம் என்றிருந்தால் அவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். போகும்போது நிர்வாகியிடம் பேசுவதற்கு முன் தரை துடைக்கும் பெண்ணிடமும் காவலாளியிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். எடை குறைகிறதா, உடலில் காயம் ஏதாவது இருக்கிறதா, பேச்சு சுருங்கிவிட்டதா என்று கவனியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த நாற்பது பக்க நோட்டை மறுபடியும் ஒரு வாரம் எழுதுங்கள். உதவி கூட வேண்டியிருக்கலாம், குறையவும் வேண்டியிருக்கலாம். அம்மாவுக்கு இயன்முறை சிகிச்சை தந்த பலனால் இரண்டாவது நோட்டில் படி ஏறுவது "தானே" என்று மாறிவிட்டது.

குறை இருந்தால் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். புறக்கணிப்போ கொடுமையோ சந்தேகப்பட்டால் மூத்தோருக்கான தேசிய உதவி எண் 14567-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்தென்றால் 108 அல்லது 112. பிள்ளைகள் பராமரிப்புச் செலவு தர மறுத்தால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். அங்கே மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும்.

அம்மா இப்போது தரைத்தளத்தில் இருக்கிறார். நாலரை மணிக் காபியை அவரே போட்டுக் குடிக்கிறார். காலை ஏழு மணிக்குக் குளியலறைக்கு வெளியே ஒரு பெண் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். கயிற்றுக்கு வேலையில்லாமல் போனாலும் அந்த நீல ஒயர் கூடை கூடவே வந்துவிட்டது. வெளிக்கதவின் கைப்பிடியில் அதைத் தொங்கவிட்டிருக்கிறார், பால்காரர் அதில்தான் பாக்கெட்டைப் போடுகிறார். ஆறு மணிக்கு மேல் கூடையில் பால் அப்படியே இருந்தால் கதவைத் தட்ட வேண்டும், பதில் இல்லையென்றால் மாற்றுச் சாவியால் திறக்கலாம் என்று காவலாளியிடம் அம்மாவே சொல்லிவைத்திருக்கிறார்.